பந்தியில் ஓர் இலை பாக்கி

அமெரிக்காவின் ஸ்ப்ரிங்ஃபீல்டில் இருக்கும், கூடைப்பந்தில் சாதித்தவர்களைக் கௌரவிக்கும் நைஸ்மித் கூடைப்பந்து ஹால் ஆஃப் ஃபேம் தேர்வுக் குழுவினருக்கு,

வணக்கம். உங்கள் பெயர்களை நீங்கள் வெளியே சொல்வதில்லை. அதனால் பெயர் போட்டு எழுத வழியில்லை, கோபித்துக்கொள்ள வேண்டாம்.

2025 ஏப்ரலில் வந்த உங்கள் பட்டியலில் 2008 அமெரிக்க ஒலிம்பிக் அணியை மொத்தமாக அழைத்திருந்தீர்கள். நல்லது. அதே அணியில் ஆடிய கார்மெலோ ஆன்டனியையும் டுவைட் ஹோவர்டையும் தனித்தனியாகவும் அழைத்திருந்தீர்கள். அதுவும் நல்லதுதான், தகுதியானவர்கள். ஆனால் ஒரே பந்தியில் ரெண்டு பேருக்கு ரெண்டு ரெண்டு இலை விழுந்ததைப் பார்த்ததும், இத்தனை வருடமாக வாசலில் நிற்கிற ஒருவர் ஞாபகம் வந்துவிட்டார். மைக்கேல் ஜோர்டனோடு சிகாகோ புல்ஸ் அணியில் ஆடிய ஹொரேஸ் கிராண்ட். அவரை உள்ளே கூப்பிடுங்கள். கடிதத்தின் விஷயம் இவ்வளவுதான். மீதி என் வயிற்றெரிச்சல்.

இலை என்று சும்மா சொல்லவில்லை. அந்தக் காலத்தில் சிகாகோ புல்ஸ் அணியோடு சுற்றிய பத்திரிகையாளர் ஒருவர் 2020இல் ஒரு ரேடியோ பேட்டியில் சொன்னதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். கிராண்ட் சரியாக ஆடாத ஒரு நாள், திரும்பி வரும் விமானத்தில், ‘இவனுக்குச் சாப்பாடு கொடுக்காதே, சாப்பிடத் தகுதியில்லை’ என்று பணிப்பெண்ணிடம் மைக்கேல் ஜோர்டன் சொன்னாராம். வீரர்கள் தன்னிடம் சொன்னதாகத்தான் அவர் சொன்னார். நேரில் பார்த்தவன் நானில்லை. ஆனாலும் படித்த அன்றைக்கு எனக்கு இறங்கவில்லை. ஆறடி பத்து அங்குல மனிதர். இரண்டு மணி நேரம் கூடைக்கு அடியில் முட்டியும் மோதியும் விட்டு வந்து உட்கார்ந்திருக்கிறார். பக்கத்து சீட்டுக்குத் தட்டு போகிறது, இவருக்கு வரவில்லை. அடுத்த ஆட்டத்தில் மறுபடி அதே கூடைக்கு அடியில் போய் நின்று, தவறிய பந்தைப் பிடித்து அதே ஜோர்டன் கையில் கொடுக்க வேண்டும். கொடுத்தார். 1991, 92, 93 என்று தொடர்ந்து மூன்று கோப்பை வந்தது.

ஜோர்டனின் சிறந்த கூட்டாளிகள் யார் என்றால் உங்கள் சுவரே பதில் சொல்கிறது. 2010இல் பிப்பன், 2011இல் ராட்மன், 2021இல் குகோச். பிப்பனைப் பற்றி இரண்டு பேச்சில்லை. குகோச் ஐரோப்பாவில் ஆடியதற்கே வரவேண்டியவர். ராட்மனும் குகோச்சும் புல்ஸுக்குப் பின்னால் வந்த மூன்று கோப்பைக்கு ஆடியவர்கள். அப்படியென்றால் முதல் மூன்று கோப்பையை ஜோர்டனும் பிப்பனும் மட்டும் ஆடி வாங்கினார்களா?

1993 இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டம், ஃபீனிக்ஸ். அந்தக் கடைசி நிமிடத்தை யூடியூபில் எத்தனை தடவை ஓட்டினேன் என்று கணக்கில்லை. புல்ஸ் 96, சன்ஸ் 98. நான்காவது குவார்ட்டரில் அதுவரை புல்ஸ் எடுத்த 9 பாயிண்டும் ஜோர்டன் எடுத்தது. பந்து பிப்பனுக்குப் போய், அங்கிருந்து கூடை ஓரம் நின்ற கிராண்டிடம் வருகிறது. எட்டினால் போட்டுவிடுகிற தூரம். அன்றைக்குத் தன் கை ஓடவில்லை என்று அவருக்குத் தெரியும். ஒரு நொடிகூட வைத்திருக்காமல் வெளியே, ஆளில்லாமல் நின்ற ஜான் பாக்ஸனுக்குத் தட்டிவிட்டார். த்ரீ பாயிண்டர். மீதி 3.9 நொடி. கெவின் ஜான்சன் கடைசியாக எறிந்த பந்தை பிளாக் செய்ததும் இதே கிராண்ட். 99-98. பாக்ஸனின் ஷாட்டை எல்லோரும் பேசுகிறோம். அதற்கு முந்தைய பாஸும் பிந்தைய பிளாக்கும் ஒரே ஆளுடையவை என்பதுதான் விட்டுப்போகிறது.

அடுத்த வருடம் ஜோர்டன் இல்லாமலே அந்த அணி 55 ஆட்டம் ஜெயித்தது. கிராண்டின் சராசரி 15 பாயிண்ட், 11 ரீபவுண்ட். 1994இல் ஆர்லாண்டோ அணிக்குப் போய், 1995இல், திரும்பி வந்திருந்த ஜோர்டனின் புல்ஸை சிகாகோவிலேயே வைத்து வெளியேற்றினார். சக வீரர்கள் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர் விட்டுப்போன பள்ளத்தை மூடத்தான் ராட்மனே வரவேண்டியிருந்தது. பள்ளத்தை மூடியவருக்கு உங்கள் சுவரில் இடம் இருக்கிறது.

நட்சத்திர வீரர்களை மட்டும் அழைக்கிற ஆல் ஸ்டார் ஆட்டம் ஒரே ஒரு தடவைதான் ஆடியிருக்கிறார் என்பீர்கள். சரி. 2024இல் நீங்கள் அழைத்த லேக்கர்ஸ் அணியின் மைக்கேல் கூப்பர் ஒரு தடவைகூட ஆடியதில்லையே. மேஜிக் ஜான்சன் பக்கத்தில் நின்று டிஃபன்ஸ் ஆடி ஐந்து கோப்பை வாங்கினார் என்பதற்காக அழைத்தீர்கள், மிகச் சரி. கிராண்டும் நான்கு வருடம் தொடர்ந்து லீகின் சிறந்த தடுப்பாட்டக்காரர்கள் பட்டியலான ஆல் டிஃபன்ஸ் அணியில் இருந்தவர். 2001இல் லேக்கர்ஸோடு நான்காவது கோப்பையும் வாங்கியவர். அதே தராசை இவருக்கும் எடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்தப் புல்ஸ் அணியின் பயிற்சியாளர் உங்களிடம் இருக்கிறார், துணைப் பயிற்சியாளர் டெக்ஸ் வின்டர் இருக்கிறார், மேலாளர் ஜெரி கிராவுஸ் இருக்கிறார், முதலாளி ஜெரி ரைன்ஸ்டார்ஃப்கூட 2016இலேயே வந்துவிட்டார். இனி அரங்க வாசலில் டிக்கெட் கிழித்தவர்தான் பாக்கி. அவரையும் கூப்பிடுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. கிராண்டுக்கு அப்புறம் கூப்பிடுங்கள்.

மன்னிக்கவும், தடம் மாறிவிட்டேன். இந்த அக்கறைக்கு எனக்குச் சொந்தக் காரணமும் உண்டு. பள்ளியில் மூக்குக்கண்ணாடியை எலாஸ்டிக் நாடாவால் தலையோடு கட்டிக்கொண்டு ஆடியவன் நான். ‘சோடாபுட்டி, நீ ஸ்கோர் எழுது’ என்று கோர்ட்டுக்கு வெளியே உட்கார வைக்கப்பட்டவன். காகிள்ஸ் போட்ட கிராண்ட் உலகக் கோர்ட்டில் ரீபவுண்ட் எடுக்கிற படத்தை வெட்டி நோட்டில் ஒட்டி வைத்திருந்தேன். கண்ணுக்கு லேசர் சிகிச்சை செய்து பார்வை சரியான பிறகும், கண்ணாடி போட்ட பிள்ளைகளுக்காக அவர் அந்தக் காகிள்ஸைக் கழற்றாமல் ஆடினார் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

உங்கள் விதி எனக்குத் தெரியும். இறுதிக் குழுவில் 24 பேர், 18 ஓட்டு வேண்டும். அந்தப் பதினெட்டு பேரைத்தான் பணிவாகக் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த தடவை கூடும்போது ஹொரேஸ் கிராண்டின் பெயரை எடுத்துப் பேசுங்கள், ஓட்டுப் போடுங்கள். அவருக்கு அறுபது வயதாகிவிட்டது. அழைப்பு அனுப்பும்போது காகிள்ஸையும் எடுத்துவரச் சொல்லுங்கள். அன்றைக்கு விருந்து உண்டென்றால், அவருக்கு முதலில் பரிமாறுங்கள்.

இப்படிக்கு,
ஸ்கோர் எழுதிய சோடாபுட்டி