திரும்பி வந்த பிள்ளையிடம் கதை கேட்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

வெளிநாட்டில் சிக்கி மீட்கப்பட்ட இளைஞர்களைப் பற்றி உங்கள் நாளிதழில் அவ்வப்போது செய்தி வருகிறது. எத்தனை பேர் வந்தார்கள், ஏஜென்ட் பிடிபட்டாரா, அவ்வளவோடு முடிந்துவிடுகிறது. அப்புறம் அந்தப் பிள்ளை வீட்டில் என்ன பாடுபடுகிறான் என்று யாரும் எழுதுவதில்லை, அதனால்தான் நான் எழுதுகிறேன்.

கல்குளம் வட்டத்தில் முப்பது வருடத்துக்கு மேல் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவள் நான். என்னிடம் படித்த பையன் ஒருவன், தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை என்று ஏஜென்ட் சொன்னதை நம்பி, அம்மாவின் நகையை அடகு வைத்துப் போனான். பாங்காக்கில் இறக்கி, எல்லை தாண்டி மியான்மருக்குக் கொண்டுபோய், பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு ஆன்லைன் மோசடி வேலையில் உட்கார வைத்துவிட்டார்கள். இவன் ஒருவன் கதை இல்லை இது. மியான்மரில் குறைந்தது 1,20,000 பேர், கம்போடியாவில் சுமார் 1,00,000 பேர் இப்படிக் கட்டாயப்படுத்தப்பட்டிருக்கலாம் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023 ஆகஸ்டில் சொன்னது. அங்கே அவனை என்னவெல்லாம் செய்தார்கள் என்பதை இங்கே எழுத மாட்டேன். அதைச் சொல்லிச் சொல்லியே அவன் நொந்துபோயிருக்கிறான்.

விமான நிலையத்தில் கேட்டார்கள், காவல் துறையில் கேட்டார்கள், அப்புறம் வேறொரு அலுவலகம், வக்கீல், நிருபர்கள். சரி, அவர்களுக்காவது ஒரு காரணம் இருக்கிறது. ஊர்க்காரர்கள் வந்து சாயாவைக் குடித்துக்கொண்டே "கரண்ட் ஷாக் வச்சானுவளாமே மக்கா, உள்ளதா?" என்று கேட்டதற்கு என்ன காரணம்? ஒரு இடத்தில் அவன் நாள்களை மாற்றிச் சொல்லிவிட்டான், போன தடவை இப்படிச் சொல்லவில்லையே என்று ஒரு அதிகாரி குரலை உயர்த்தினார், அன்றிலிருந்து எந்த அலுவலகத்துக்கும் வர மாட்டேன் என்கிறான். மாதக்கணக்கில் பயத்திலேயே கிடந்தவனுக்கு நடந்தது வரிசையாக நினைவுக்கு வராது. சில காட்சி மட்டும் பளிச்சென்று நிற்கும், மற்றது துண்டு துண்டாகக் கிடக்கும். அதைப் பொய் என்று எடுத்துக்கொண்டால் கடைசியில் தப்பிப்பது ஏஜென்ட்தான்.

இன்றைக்கும் யார் செல்போனிலாவது மெசேஜ் சத்தம் வந்தால் அவன் உடம்பு தூக்கிப்போடும். கதவைச் சாத்தினால் எழுந்து திறந்துவிடுகிறான். "முன்ன இப்படி இல்ல டீச்சர், எதுக்கெடுத்தாலும் கத்துகான்" என்று அம்மா அழுகிறார். ஒருநாள் என்னிடம் அவனாகவே, "நானும் ஆளுகள ஏமாத்தினேன் டீச்சர்" என்றான். அடிக்குப் பயந்து செய்ததுதான், ஆனாலும் அடி வாங்கியதைவிட அதுதான் அவனை அரிக்கிறது. எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

ஆசை பிடித்து அவனாகத்தானே போனான் என்று பேசுகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பாதிக்கப்பட்டவர் சம்மதித்துத்தான் போனார் என்பது கடத்தல் குற்றத்தில் கணக்கே இல்லை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 370-வது பிரிவிலும் அப்படித்தான், இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 143-வது பிரிவிலும் அப்படித்தான்.

நம் மாவட்டத்துக்கு இந்தப் பக்குவம் புதிதும் இல்லை. 2004 சுனாமியில் குளச்சல் பிணக்காடாய்க் கிடந்தபோதும், 2017-இல் ஒக்கி புயல் அடித்து கடலுக்குப் போனவர்கள் திரும்பாதபோதும், பிழைத்து வந்தவர் பக்கத்தில் பேசாமல் உட்காரத் தெரிந்தவர்கள் நாம். ஏன் கடலுக்குப் போனாய் என்று யாரையும் குற்றவாளி மாதிரி நிற்க வைக்கவில்லை. கடல் அடித்தவனுக்குக் கொடுத்த பொறுமையை மனுஷன் அடித்தவனுக்கும் கொடுக்கலாமே.

18 வயதுக்குக் கீழே என்றால் சட்டத்தில் கொஞ்சமாவது பாதுகாப்பு இருக்கிறது. குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி, வாக்குமூலம் எடுக்கும் போலீஸ் சீருடையில் இருக்கக்கூடாது, நீதிமன்றத்துக்குக் குழந்தையைத் திரும்பத் திரும்ப அழைக்கக்கூடாது. இருபது, இருபத்திரண்டு வயதில் சிக்கித் திரும்புகிறவனுக்கு இதெல்லாம் கிடைப்பதில்லை. மாவட்ட நிர்வாகம் மனது வைத்தால் செய்யலாம். திரும்பி வருகிறவருக்கு முதல் நாளிலிருந்து ஒரே ஆள் பொறுப்பாக இருக்கட்டும். ஒரே தடவை கேட்டு எழுதி, அவர் சம்மதத்தோடு அதையே மற்ற அலுவலகங்களுக்கு அனுப்பட்டும். எதற்காகக் கேட்கிறோம், யார் படிப்பார்கள் என்று முதலில் சொல்லிவிட்டு, வேண்டாம் என்றால் நிறுத்தலாம் என்றும் சொல்லட்டும். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு தூத்தூர், வள்ளவிளைப் பக்கத்திலிருந்து வந்துபோக ஒரு நாள் கூலி போய்விடும், அதனால் மனநல ஆலோசகர் கடற்கரை ஊர்களுக்கே வர வேண்டும், அதுவும் ஒருநாள் முகாம் நடத்திப் போட்டோ எடுத்துக்கொண்டு போவதாக இல்லாமல், அதே ஆள் மறுபடி மறுபடி வர வேண்டும். அடகுக் கடன் விஷயத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும். வட்டி கேட்டு வாசலில் ஆள் நிற்கும்போது எந்த ஆலோசனை காதில் ஏறும்?

இப்போது அவன் காலையில் மாமாவோடு வலை சரிசெய்யப் போகிறான். அங்கே யாரும் ஒன்றும் கேட்பதில்லையாம்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். முகத்தை மறைத்துப் படம் போட்டுவிட்டு, கீழே ஊரையும் அப்பா பெயரையும் போட்டால் மறைத்ததில் என்ன பயன்? அந்தப் படம் வருகிற இடத்தில், குழந்தைகளுக்கான 1098, மனநல உதவிக்கான டெலி மானஸ் 14416 இரண்டு எண்களையும் பெரிய எழுத்தில் போடுங்கள். இந்தக் கடிதத்தை வெளியிட்டால் என் பெயரையும் ஊரையும் விட்டுவிடுங்கள். என் பெயரை வைத்தே அவன் வீட்டைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியை,
கன்னியாகுமரி மாவட்டம்