சிவப்புடல் வண்ணத்துப்பூச்சியும் வேலிக் கொடியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மாரி மழை ஓய்ந்து வேலிகள் துளிர்த்து நிற்கும் மாசி, பங்குனி மாதங்களில், கரிய முன்சிறகில் வெள்ளைப் பட்டையும் பின்சிறகில் செந்நிறப் பிறைகளும் கொண்ட பெரிய வண்ணத்துப்பூச்சியொன்று மட்டக்களப்பு வாவிக்கரை ஊர்களில் தாழப் பறந்து திரிவதை வாசகர்கள் கண்டிருப்பார்கள். அதைப் படம் பிடிப்பவர்கள் இரு வேறு இனங்களை ஒன்றென எண்ணிவிடுவதாலேயே இதனை எழுதுகிறேன்.

சிறகின் கோலத்தை மட்டும் நம்பக் கூடாது; உடலைப் பார்க்க வேண்டும். தலையும் வயிறும் குங்குமச் சிவப்பாக இருந்தால் அது, தமிழ்நாட்டில் 'சிவப்புடல் அழகி' எனப்படுவதும், 1758இல் சுவீடன் நாட்டு இயற்கை அறிஞர் லின்னேயஸ் ட்ரோய் வீரன் ஹெக்டரின் பெயரைச் சூட்டியதுமான இனம். உடல் கறுப்பாக இருந்தால், கறிவேப்பிலையிலும் தேசி மரத்திலும் புழுவாக வளரும் வேறோர் இனத்தின் பெண்பூச்சி. அவ்வினப் பெண்பூச்சிகளுள் ஒரு வகை மட்டுமே இந்த வேடத்தைப் பூணும். சிவப்புடல் பூச்சி புழுப் பருவத்தில் தின்னும் கொடியின் நஞ்சு, கூட்டுப்புழுவாகிச் சிறகு முளைத்த பின்னும் அதன் உடலில் தங்கிவிடுவதால், ஒருமுறை கொத்திப் பார்த்த பறவை மறுமுறை அதை நாடுவதில்லை. நஞ்சே இல்லாத மற்றதும் அந்த நிறத்தின் மறைவில் பிழைத்துக்கொள்கிறது.

அந்தக் கொடிதான் ஈஸ்வரமூலி. பெருமருந்துக் கொடி என்றும் சொல்வார்கள். அதன் காய் முற்றி வெடிக்கும்போது உறியில் தொங்கும் சிறு கூடை போலிருக்கும், கண்டவர்கள் மறக்கமாட்டார்கள். செம்மஞ்சள் முட்டைகளையும், கருமேனியில் சிவந்த சதைமுட்கள் கொண்ட புழுக்களையும் அந்த இலைகளிலேயே தேட வேண்டும். ஈஸ்வரமூலியும் அதன் இனத்துக் கொடிகளும் தவிர வேறெந்த இலையிலும் இப்புழு வளராது. பூச்செடிகளை எத்தனை நட்டாலும் தேன் கிடைக்குமே தவிர, அடுத்த தலைமுறை கிடைக்காது.

எங்கள் பகுதிப் பாடசாலையொன்றில் அண்மையில் நடந்த சிரமதானத்தின்போது, வேலியோரத்தில் படர்ந்திருந்த இக்கொடி புழுக்களோடு பிடுங்கி எரிக்கப்பட்டதைக் கண்டு மனம் மிக நொந்தேன். செய்தவர்கள் அறிந்து செய்யவில்லை. ஆகவே கல்லடி முதல் பொத்துவில் வரையுள்ள பாடசாலைகளும் வீட்டுக்காரர்களும் வேலியைத் துப்புரவாக்குமுன் இலையின் அடிப்புறத்தை ஒருமுறை புரட்டிப் பார்க்கும்படி வேண்டுகிறேன். இக்கொடியின் நஞ்சு மனிதரின் சிறுநீரகத்தைக் கெடுக்கக் கூடியது. பிள்ளைகள் அதை வாயில் வைக்காதபடி கவனித்துக்கொண்டு, கொடியை நின்ற இடத்திலேயே விட்டுவைப்பது போதும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர்,
கல்லடி, மட்டக்களப்பு.