மணியத்துக்கு: உன் மூன்று தீப்பெட்டிகள் பற்றி

ஜார்ஜ்டவுன், பினாங்கு

அன்புள்ள மணியம்,

வணக்கம். உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. உன் பேரன் வாட்ஸாப்பில் அனுப்பிய படங்களும் அன்றைக்கே வந்துவிட்டன. தங்கச்சிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடச் சொல். வீட்டில் எல்லாரும் விசாரித்தார்கள். எனக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. ஆனாலும் காலையில் எஸ்பிளனேட் வரைக்கும் நடந்துவிட்டு, வழியில் பசியாறிவிட்டுத்தான் வீட்டுக்கு வருகிறேன்.

சரி, உன் மூன்று மேட்ச்பாக்ஸ் பொம்மை வண்டிப் பெட்டிகளுக்கு வருகிறேன். மற்றதை எல்லாம் நிறுத்திவிட்டு இதைத்தான் மூன்று நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பழைய பொம்மை வாங்கி விற்கும் ஒருவர் உன் பேரனிடம், "மூன்று பெட்டியில் பெயர் மூன்று விதமாக இருக்கிறது, அதனால் இரண்டாவது போலி, எண்ணும் தப்பு" என்று சொல்லி, எல்லாவற்றுக்கும் சேர்த்து 20 வெள்ளி தருவதாகச் சொன்னாராம். கொடுத்துவிடாதே மணியம். அந்தப் பெட்டிகள் மூன்றும் உண்மையானவை. நாற்பது வருடம் போர்டு எழுதிப் பிழைத்தவன் நான், எழுத்தைப் பார்த்துச் சொல்கிறேன்.

முதல் பெட்டி உன் பெரியண்ணன் வைத்திருந்த சிமெண்டு கலவை வண்டி. நீல உடம்பு, ஆரஞ்சுச் சக்கரம். அந்த மஞ்சள் பெட்டியில் மேட்ச்பாக்ஸ் என்ற பெயரோடு 'மோகோ' என்று கையெழுத்து மாதிரி சாய்த்து எழுதியிருக்கிறது பார். இரண்டாவது பெட்டி, எண் 5, லண்டன் பஸ். அதில் மோகோவைக் காணோம், லெஸ்னி மட்டும்தான் இருக்கிறது. மூன்றாவது ஆம்புலன்ஸ். அதில் கோட்டுப் படம் போய் வண்ணப் படம் வந்துவிட்டது, எழுத்தின் உடம்பும் மாறிவிட்டது. நம்மைப் போன்ற பையன்கள் இதைக் கவனித்திருக்கவே மாட்டோம். பெட்டியைக் கிழித்துக் காரை எடுப்பதில்தானே நமக்கு அவசரம்!

இது ஏன் இப்படி என்று சொல்கிறேன். இந்தக் கம்பெனியின் பெயர் லெஸ்னி. 1947-இல் லெஸ்லி ஸ்மித், ராட்னி ஸ்மித் என்று இரண்டு பேர் லண்டனில் தொடங்கினார்கள். இருவருக்கும் ஸ்மித் என்ற பெயர் ஒன்றே தவிர, உறவு ஒன்றும் இல்லை. ஒருவர் பெயரின் தலையையும் மற்றவர் பெயரின் வாலையும் ஒட்டினால் லெஸ்னி. மூடிக் கிடந்த ஒரு மதுக்கடையில் அச்சில் உலோகம் வார்க்கும் வேலையைத் தொடங்கினார்கள். ஜாக் ஓடல் என்ற இன்னொருவர் வந்து சேர்ந்தார். ராட்னி 1951-இல் விலகிப் போய்விட்டார். ஆனாலும் அவருடைய வால் பெயரில் அப்படியே நின்றுவிட்டது.

1953-இல் இங்கிலாந்து ராணியின் முடிசூட்டு விழாவுக்காகச் செய்த சின்னக் குதிரைவண்டி பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது. அதே ஆண்டில்தான் மேட்ச்பாக்ஸ் வரிசையும் வந்தது. ஓடலின் மகள் படித்த பள்ளியில், தீப்பெட்டிக்குள் அடங்குகிற விளையாட்டுச் சாமானைத்தான் கொண்டுவரலாம் என்று ஒரு கட்டுப்பாடு இருந்ததாம். அப்பா ஒரு ரோடு ரோலரைத் தீப்பெட்டி அளவுக்குச் சுருக்கிச் செய்து கொடுத்தார். மகளுக்குச் செய்ததைப் பார்த்து மற்ற பிள்ளைகளும் கேட்டார்கள், வியாபாரம் பிறந்தது. உன் கலவை வண்டியும் அந்த முதல் தலைமுறையைச் சேர்ந்ததுதான். பெட்டியைத் தீப்பெட்டி மாதிரியே செய்தார்கள், பெயரும் அதிலிருந்தே வந்தது.

அப்புறம் மோகோ யார்? மோசஸ் கோன்ஸ்டாம் என்ற ஜெர்மானியப் பொம்மை வியாபாரியின் பெயரைச் சுருக்கியதுதான் மோகோ. லெஸ்னி செய்த வண்டிகளைக் கடைகளுக்குக் கொண்டுபோய் விற்றது அந்தக் குடும்பத்தின் வியாபாரம். விற்பவர் தன் பெயரையும் பெட்டியில் போடச் சொல்வார் இல்லையா? அதனால் ஆரம்பப் பெட்டிகளில் மூன்று பெயர்கள் நெருக்கிக்கொண்டு நிற்கின்றன: விற்பவர் பெயர், செய்பவர் பெயர், பொருளின் பெயர். பிறகு அந்த விற்பனை உரிமை லெஸ்னி கைக்கே வந்தது. 60-களின் தொடக்கத்தில் மோகோ மெல்ல மறைந்தது. உன் இரண்டாவது பெட்டி சரியாக அந்த இடத்தில் நிற்கிறது. மோகோ இல்லாததால் அதைப் போலி என்றால், கணவனை இழந்த பெண்ணின் நெற்றியைப் பார்த்து ஆள் மாறிவிட்டது என்று சொல்வது போல இருக்கிறது. பெயர் போனதற்குக் காரணம் இருக்கிறது.

இதில் எனக்கு அனுபவம் உண்டு மணியம். பழைய கூட்டாளி விலகினால் கடைக்காரர் போர்டை முழுக்கப் பெயர்க்கச் சொல்ல மாட்டார். பெயிண்டுக்கும் கூலிக்கும் காசு வேண்டும். வாசலில் புதுப் பெயர், பக்கச் சுவரில் பழைய பெயர், பில் புத்தகத்தில் இன்னொன்று என்று பல வருடம் ஓடும். பெட்டி அச்சடிப்பவனுக்கும் அப்படித்தான். அடித்து வைத்த அட்டை தீரும்வரை அதைப் பயன்படுத்தத்தான் செய்வார்கள். வண்டியின் அடியில் இருக்கும் பெயர் உலோக அச்சிலேயே வெட்டியது, அதை மாற்றுவது அட்டையை மாற்றுவது போல எளிதில்லை. அதனால் அட்டை ஒரு காலத்தையும் வண்டியின் வயிறு இன்னொரு காலத்தையும் சொன்னால் பயப்படாதே.

உனக்கு மார்க்கெட் ஸ்திரீட் பக்கம் இருந்த சாப்பாட்டுக் கடை நினைவிருக்கிறதா? அங்கே 'வாழையிலை' என்று நான் எழுதிய போர்டு பத்து வருடத்துக்கு மேல் தொங்கியது. அந்தக் காலத்து எழுத்தில் ழை-க்கு நாம் இன்று எழுதும் ஐகாரக் குறிதான் இருந்தது. ஆனால் லை-க்குத் தலைக்கு மேலே யானைத் தும்பிக்கை மாதிரி வளைவு வரும். ஒரே சொல்லுக்குள் ஐகாரம் இரண்டு விதம்! 1978-இல் தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்தம் வந்த பிறகு இங்கேயும் கொஞ்சம் கொஞ்சமாகத் தும்பிக்கை போனது. அந்தக் கடைக்காரர் கிளை திறந்தபோது புது எழுத்தில் கேட்டார், பழைய கடையில் மட்டும் தும்பிக்கையை எடுக்க வேண்டாம் என்றார். அவர் அப்பா காலத்துப் போர்டாம். இரண்டு கடை, ஒரே பெயர், இரண்டு எழுத்து. இரண்டையும் எழுதியது இந்தக் கைதான். நாளைக்கு யாராவது இரண்டு போர்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து ஒன்று போலி என்று சொன்னால் எனக்கு எப்படி இருக்கும்? உன் கடிதத்தைப் படித்தபோது அப்படித்தான் இருந்தது.

எண் விஷயம் இன்னும் எளிது. கலவை வண்டியிலும் 3, ஆம்புலன்சிலும் 3 என்று அவர் குறை சொன்னாராம். வரிசை 75 எண்வரை வளர்ந்து பல வருடம் அங்கேயே நின்றது. ஒரு வண்டி ஓய்வு பெற்றால் அதன் எண் புது வண்டிக்குப் போகும். கலவை வண்டி போன இடத்தில் ஒரு லோரி வந்தது, அப்புறம்தான் உன் ஆம்புலன்ஸ். அது 1968 வாக்கில் வந்த மெர்சிடிஸ். பின்கதவைத் திறந்தால் உள்ளே ஸ்டிரெச்சரில் ஒரு நோயாளி படுத்திருப்பான். நீ அவனைத் தொலைத்துவிட்டு அழுதாயே, கட்டில் அடியில் எல்லாம் தேடினோம்! உன் பஸ்ஸுக்கு 5 என்ற எண் 60-களின் கடைசிவரை நிலைத்தது, ஆனால் அந்த பஸ்ஸே ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பெரிதாகப் புது அச்சில் வந்தது. முதல் பஸ்ஸின் பக்கவாட்டில் 'மேட்ச்பாக்ஸ் சீரீஸ் வாங்குங்கள்' என்றே விளம்பரம் இருந்தது.

எனக்குப் பிடித்த ஒரு விஷயம், மேட்ச்பாக்ஸ் என்ற பெயரை அவர்கள் பல வருடம் மேற்கோள் குறிக்குள் போட்டு வந்தது. தீப்பெட்டி என்பது எல்லார் வீட்டிலும் புழங்குகிற சாதாரணச் சொல். 'இது என் பெயர், அடுப்படித் தீப்பெட்டி இல்லை' என்று காட்ட அந்தக் குறி தேவைப்பட்டிருக்கும் என்று நினைக்கிறேன். புகழ் வந்த பிறகு அது மறைந்துவிட்டது. போர்டில் குறி போட இடம் அதிகம் பிடிக்கும், எழுத்து சிறுத்துப் போகும், அதனால் நானாக இருந்தால் முதலிலேயே எடுத்திருப்பேன். இப்போது பார்த்தால் அந்தக் குறி இல்லாத பெட்டி எனக்கு ஏதோ அவசரத்தில் எழுதினது மாதிரி தெரிகிறது.

அதற்கு மேல் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1968-இல் அமெரிக்காவின் மேட்டல் கம்பெனியிடமிருந்து ஹாட் வீல்ஸ் வந்தது, வழுக்கிக்கொண்டு ஓடும் சக்கரம். மேட்ச்பாக்ஸ் மறு வருடமே சூப்பர்ஃபாஸ்ட் என்று மெல்லிய அச்சாணி போட்டுப் பதில் கொடுத்தது, பெட்டியும் அதற்கேற்ப மாறியது. 1982-இல் லெஸ்னி கடனில் மூழ்கியது. ஹாங்காங்கின் யுனிவர்சல் வாங்கியது, 1992-இல் டைக்கோ, 1997-இல் மேட்டல். கை மாறும்போதெல்லாம் எழுத்தும் மாறியது. ஹாட் வீல்ஸைப் பார், அந்தத் தீ நாக்கு முதல் நாளிலிருந்து இன்றுவரை பார்த்தவுடன் தெரிகிற மாதிரி நிற்கிறது. ஆரம்பத்திலிருந்தே ஒரே வீடு, அதனால் அது முடிந்தது. இன்று இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். நம் பினாங்கில் பிறை என்ற ஊரில் இருக்கிற மேட்டல் தொழிற்சாலையில்தான் ஹாட் வீல்ஸ் செய்கிறார்கள். காரைக் கவிழ்த்துப் பார்த்தால் மலேசியா என்று இருக்கும். பேரப்பிள்ளைகளிடம் அதைக் காட்டும்போது எனக்கு ஒரு பெருமை.

போலிப் பெட்டி என்று ஒன்றே இல்லை என்று நான் சொல்லவில்லை. புதிதாக அடித்த பெட்டிகளும் சந்தையில் உண்டு. ஆனால் அதை லோகோவை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. நல்ல வெளிச்சத்தில் ஒரு பூதக்கண்ணாடியை வைத்து உன் கலவை வண்டிப் பெட்டியின் மஞ்சளைப் பார். மை திட்டாக, ஒரே பரப்பாக இருந்தால் பழைய அச்சு. பொடிப்பொடியாக வண்ணப் புள்ளிகள் தெரிந்தால், ஸ்கேன் செய்து அடித்தது. மடிப்பில் அட்டையின் உள் நிறத்தையும் பார், அறுபது வருடத்து அட்டை அங்கே பழுப்பாக இருக்கும். ஆம்புலன்ஸ் பெட்டியில் வண்ணப் படம் என்பதால் அங்கே புள்ளிகள் இருக்கும், அது இயல்பு, அதைப் பார்த்துக் குழம்பாதே.

நாம் அவற்றை வாங்கிய கடை பினாங்கு ரோட்டில் இருந்தது. துறைமுகத்துக்கு வரி இல்லாத காலம், அதனால் வெளிநாட்டுப் பொம்மை மலிவு. 1969-இல் அந்தச் சலுகை போனது. உன் அப்பா சம்பளம் வாங்கிய அன்றைக்கு நாம் இருவரும் அந்தக் கண்ணாடிக்கு முன்னால் நின்றது என் கண்ணில் இன்னும் இருக்கிறது. எழுத்து மேல் எனக்கு ஆசை வந்தது எங்கே என்று யாராவது கேட்டால், அந்தச் சின்னப் பெட்டிகளின் மேலிருந்த பெயரைச் சிலேட்டில் பார்த்துப் பார்த்து எழுதிய நாளைத்தான் சொல்வேன்.

போன ஞாயிறு லோரோங் குலிட் சந்தையில் அதே மாதிரி ஒரு பஸ் பெட்டி பார்த்தேன், பஸ் இல்லாத வெறும் பெட்டி. பேரம் பேசி வாங்கிவிட்டேன். உன்னுடையதோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். தைப்பூசம் முடிந்த வாரம் மகன் வீட்டுக்குக் கோலாலம்பூர் வருகிறேன், பிரிக்பீல்ட்ஸில் உன்னைப் பார்க்கிறேன். பூதக்கண்ணாடியை நானே கொண்டுவருகிறேன். அதுவரை பெட்டிகளை ஈரத்துணியால் துடைக்காதே, வெயிலில் வைக்காதே, ரப்பர் வளையம் போட்டுக் கட்டவும் வேண்டாம். பேரனிடம் அந்த 20 வெள்ளிப் பேச்சை நிறுத்தச் சொல்.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் சேகர்