கடை விளக்கைக் கொஞ்சம் அணையுங்கள்

காரைக்குடி வைர நகைக்கடை முதலாளிமார்களுக்கு,

வணக்கம். போன தையில் மகள் கல்யாணத்துக்கு ஏழு கல் தோடு வாங்கினோம். எந்தக் கடை என்பது இங்கே வேண்டாம். கடையில் எல்லாக் கல்லும் போட்டி போட்டு மின்னின. மறுநாள் காலை பள்ளத்தூர் வீட்டு வளவில், முற்றத்து வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தால், வலது தோட்டில் இரண்டு கல் வெந்த மீன் கண் மாதிரி நடுவில் வெளிறிக் கிடந்தன. பக்கத்திலேயே அப்பத்தாவின் பழைய தோடு, அது பாட்டுக்கு ஜொலித்தது.

கேட்டால், "அசல் வைரம்தாங்க" என்றார்கள். அசல்தான். கோளாறு பட்டையில்.

ஒளியை எவ்வளவு வளைக்கும் என்று சொல்லும் ஒளிவிலகல் எண் வைரத்துக்கு 2.42. உள்ளே நுழைந்த ஒளி அடிப்பட்டையில், செங்குத்துக் கோட்டிலிருந்து 24.4 டிகிரிக்கு மேல் சாய்ந்து விழுந்தால், அங்கே வெளியே போக வழியில்லை. முழுசாக உள்ளேயே திரும்பிவிடும், பட்டை சரியாக இருந்தால் மேலே வரும். சாதாரணக் கண்ணாடிக்கு இந்த எல்லை சுமார் 42 டிகிரி, அதனால் நிறைய ஒளி அடி வழியாக ஒழுகிவிடும். ஆனால் அடிப்பட்டையைத் தட்டையாக வெட்டினால் வைரத்திலும் ஒழுகும். ரொம்ப ஆழமாக வெட்டினால் நடுவில் இருட்டு விழும். 1919இலேயே வைரம் பட்டை போடும் குடும்பத்தில் பிறந்த மார்செல் டோல்கோவ்ஸ்கி, அடிக்கோணம், அதாவது அடிப்பட்டையின் சாய்வு, 40.75 டிகிரி இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். எடை குறையக்கூடாதென்று பட்டை போடுகிறவர் அதை விட்டு விலகினால், காரட் மிஞ்சும், ஒளி போய்விடும்.

இதை உங்கள் கூரையில் பதித்த குட்டி விளக்குகள் மறைத்துவிடுகின்றன. வைரம் ஊதாவைச் சிவப்பை விட அதிகமாக வளைப்பதால், ஒவ்வொரு விளக்கும் ஒரு வானவில் பொறியாகத் தெறிக்கிறது. அந்த வெளிச்சத்தில் எந்தக் கல்தான் மின்னாது?

எங்கள் பக்கத்துத் தப்பும் உண்டு. அடியில் நல்லெண்ணெய் ஒட்டினால் 24 டிகிரி எல்லை 37க்கு ஏறி, நல்ல கல்லும் மங்கிவிடும். ஆச்சிமார் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் தோட்டை ஊறப்போட்டது சும்மா இல்லை.

அதனால் கல்லைத் தங்கத்தில் பதித்து (கட்டடம் கட்டி) அடியை மூடும் முன் கல்லை உதிரியாகக் காட்டுங்கள். பெரிய கல்லானால் ரசீதில் காரட்டோடு அடிக்கோணத்தையும் எழுதுங்கள். அப்புறம், ஆவணியில் சின்னவளுக்கு எடுக்க வருவோம். வாசல் பக்கம், வெயில் நேரே விழாத இடமாக, ஒரு நாற்காலி போட்டு வையுங்கள்.

இப்படிக்கு,
பள்ளத்தூரிலிருந்து ஒரு வாடிக்கையாளர்