சுவாமி முகத்தை மூடும் பெயின்ற்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

மாரி மழை ஓய்ந்து கோடை தொடங்கியதும் திருகோணமலையில் ஏதாவது ஒரு கோயிலில் பாலஸ்தாபனம் (திருப்பணிக்காக மூர்த்தியைத் தற்காலிகமாக வேறிடத்தில் எழுந்தருளச் செய்வது) நடக்கும், கோபுரத்துக்குச் சாரம் ஏறும், சபையார் கடையில் வாங்கிவந்த நிற அட்டையை விரித்துப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த அட்டையை விரிக்குமுன் சாரத்தில் ஏறி, சுதையால் (சுண்ணாம்புச் சாந்தால்) செய்த கோபுரப் பொம்மைகளின் முகங்களைக் கிட்டப் போய்ப் பார்க்கவேண்டும். கீழேயிருந்து பார்க்கும்போது தெரியாத ஒரு சேதம் அங்கே நடந்துகொண்டிருக்கிறது: பூச்சின்மேல் பூச்சு ஏறி முகம் மறைந்துபோகிறது. திருப்பணிப் பொறுப்பில் இருப்பவர்கள் வேலை தொடங்குமுன் இதைத் தெரிந்துகொள்ளவேண்டும் என்பதற்காகவே இக்கடிதத்தை எழுதுகிறோம்.

சிவன், திருமால் முதலிய மூர்த்திகளுக்குச் சிற்ப நூலார் வகுத்த உத்தம தசதாலம் என்ற அளவுமுறையில் முழு உயரம் 124 அங்குலம். இந்த அங்குலம் அடிக்கோலின் அங்குலமல்ல, உருவத்தின் உயரத்தை 124 ஆகப் பகுத்தால் வருகிற ஒரு பங்கு. உச்சி 4, முகம் 13½, கழுத்து 4, கழுத்தடியிலிருந்து மார்பு, மார்பிலிருந்து உந்தி, உந்தியிலிருந்து தொடையடி ஒவ்வொன்றும் 13½, தொடை 27, முழங்கால் 4, கணைக்கால் 27, பாதம் 4. ஒரு அங்குலத்துக்கு 8 யவம். கோபுரத்தில் இருக்கும் ஒரு மூன்றடி உருவத்தை எடுத்துக்கொண்டால், அதில் ஒரு அங்குலம் ஏழரை மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவு, ஒரு யவம் ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவு. இமையின் விளிம்பு, இதழ்களுக்கு நடுவே ஓடும் கோடு, மூக்கின் அருகு எல்லாம் யவக் கணக்கிலேதான் இருக்கின்றன.

எனாமல் பூச்சு காய்ந்தபின் ஒரு பூச்சின் கனம் ஏறக்குறைய 0.04 மில்லிமீற்றர். ஒரு கும்பாபிஷேகத்துக்கு அடிப்பூச்சு ஒன்று, மேற்பூச்சு இரண்டு. ஐந்து கும்பாபிஷேகம் கண்ட உருவத்தில் 15 பூச்சு, அதாவது 0.6 மில்லிமீற்றர். இமைக்கோட்டின் இரு கரையிலும் அவ்வளவு ஏறினால் அந்தக் கோடு இருக்காது. வெயிலிலும் மழையிலும் கொஞ்சம் உதிர்ந்துபோவதைக் கழித்தாலும், மாடக்குழிக்குள் ஒதுங்கி நிற்கும் முகங்களில் இதுதான் நடக்கிறது. இமை மறைந்த இடத்தில் வர்ணக்காரர் கறுப்புக் கோட்டால் தட்டையாக ஒரு கண்ணை வரைகிறார். எல்லா முகத்துக்கும் ஒரே கை, ஒரே கண். அறிதுயிலில் இருக்கும் பெருமாளுக்கும் அரக்கனை மிதிக்கும் அம்பாளுக்கும் ஒரே பார்வை வந்துவிடுகிறது. இதில் வர்ணக்காரரைக் குறைசொல்ல எதுவுமில்லை. அவர் கைக்கு வந்த முகமே அப்படி.

ஆகவே முதல் வேலை பழைய பூச்சை எடுப்பது. நெருப்புச் சுடர் காட்டி உரிக்கக் கூடாது, சூட்டில் சுதை வெடிக்கும். அசிட் ஊற்றக் கூடாது, சுண்ணாம்பை அது தின்றுவிடும். கம்பித் தூரிகையும் மணல் வீச்சும் மூக்கு நுனியையும் விரல் நுனியையும் கொண்டுபோய்விடும். பெயின்ற் ரிமூவரை உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் தடவி, பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு, பூச்சு சுருங்கி எழும்பியதும் மூங்கிற் பட்டையால் தள்ளி எடுத்து, நல்ல தண்ணீரால் கழுவவேண்டும். முதலில் உருவத்தின் முதுகுப் பக்கத்தில் செய்து பாருங்கள். பழைய எனாமலில் ஈயம் இருக்கலாம், உலரத் தேய்த்துத் தூளாக்கவேண்டாம். வேலை செய்பவர் முகக்கவசம் அணியவேண்டும், விழும் செதிலைப் படங்கு விரித்துச் சேர்க்கவேண்டும். அடியில் பழைய நிறம் ஏதாவது தெரிந்தால் அதையும் சுரண்டிவிடாமல் படம் எடுத்துக் குறித்து வையுங்கள். முதன்முதல் அந்த உருவத்தைச் செய்த ஆசாரி நினைத்த நிறத்துக்கு அதைவிட வேறு சாட்சி கிடையாது.

கண்ணைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், முகபாவம் முழுக்க அங்கேதான் இருக்கிறது. சாந்தமான மூர்த்திக்கு மேலிமை கருவிழியின் மேல்விளிம்பைச் சற்று மூடியிருக்கவேண்டும். தட்சிணாமூர்த்திக்கு இன்னும் தாழ்ந்து பாதிக் கண்ணாக வரும். கருவிழியைச் சுற்றி நாற்புறமும் வெள்ளை தெரிந்தால் அது உக்கிரம் அல்லது அச்சம், வேறொன்றும் இல்லை. பத்திரகாளி அம்பாளுக்கு அந்தக் கண் பொருந்தும். ஆனால் அவள் கோபம் காலடியில் கிடக்கும் அசுரன் மேலேயே ஒழிய, கும்பிட வந்த பிள்ளைகள் மேல் அல்ல. கருவிழி ஒரு யவம் கீழே சரிந்தால் அந்த வேறுபாடு வந்துவிடும். காரைக்கால் அம்மையாரை விலா எலும்பு தெரிய, தாளம் ஏந்திய பேயுருவாகவே செய்யவேண்டும். ஆனால் முகத்தில் இருக்கவேண்டியது ஆனந்தம். அவரை அழகான இளம்பெண்ணாக மாற்றுவதும் பிழை, பயமுறுத்தும் பேயாக்குவதும் பிழை. நடராசர் காலடி முயலகனுக்கு வாயில் இரத்தம் வழிய வைப்பதும் இப்போது வழக்கமாகிவருகிறது. அவன் மிதிபட்டுச் சாகிறவனல்ல, ஆணவம் அடங்கிக் கிடக்கிறவன்.

இன்னொன்று: சாரத்தில் நிற்கும் வர்ணக்காரருக்கு உருவம் நேர்மட்டத்தில் தெரியும், அடியாருக்கோ முப்பது அடி கீழேயிருந்து தெரியும். நேர்மட்டத்தில் நடுவே வைத்த கருவிழி கீழிருந்து பார்த்தால் வானத்தைப் பார்க்கும். ஒரு கண்ணைக் கரிக்கட்டியால் குறித்துவிட்டு இறங்கி வந்து வாசலில் நின்று பார்த்துவிட்டே பெயின்ற் வைக்கவேண்டும்.

அடுத்தது வலமும் இடமும். இப்போது மாதிரிக்குக் கைத்தொலைபேசிப் படத்தையே காட்டுகிறார்கள். படம் எங்கேயோ கண்ணாடிபோலத் திரும்பியிருக்கும், அல்லது உருவக்கோட்டைத் துளையிட்டு எடுத்த மாதிரித் தாளைச் சுவரில் மறுபுறமாக ஒட்டிவிடுவார்கள். கண்டுபிடிக்கச் சுலபமான வழி பூணூல். அது இடத் தோளிலிருந்து வல இடுப்புக்கு இறங்கவேண்டும். பிறகு நடராசருக்குத் தூக்கிய கால் இடது, ஊன்றிய கால் வலது, உடுக்கை வலப் பின்கையில், தீ இடப் பின்கையில். திருமாலுக்குச் சக்கரம் வலம், சங்கு இடம். மாதொருபாகனில் அம்பாள் இடப்பாதி. முருகனுக்கு வலத்தில் வள்ளி, இடத்தில் தெய்வயானை. எல்லாம் சுவாமியின் வலமும் இடமும், பார்ப்பவருடையதல்ல. இந்தக் குழப்பத்தால் வள்ளியின் கருமை தெய்வயானைக்குப் போன கோபுரங்கள் உண்டு.

நிறத்தில் பெரிய பிழை நீலச் சிவன். அப்பர் சுவாமிகள் தில்லைக் கூத்தனைப் பாடும்போது மேனியைப் பவளம் என்கிறார், அதன்மேல் பால்போன்ற வெண்ணீறு என்கிறார், வாயில் குமிண்சிரிப்பு என்கிறார். கறுத்திருப்பது நஞ்சுண்ட கண்டம் மட்டும். முழு உடம்பும் நீலமானது அச்சுக் கலண்டர்கள் வந்தபிறகு பரவிய வழக்கம். 1894இல் ஓவியர் இரவிவர்மா பம்பாயில் அச்சுக்கூடம் தொடங்கியதிலிருந்தும், பின்னர் கோவில்பட்டி கொண்டையராஜு போன்றோரின் படங்கள் சிவகாசியில் அச்சாகியதிலிருந்தும், வீட்டுச் சுவரில் தொங்கிய படமே சிற்பிக்கும் மாதிரியாயிற்று. அந்தப் படங்களின் அன்பையோ அழகையோ நாங்கள் குறைத்துப் பேசவில்லை. ஆனால் தாளில் மென்மையாகப் படரும் நிழல், வெயிலில் நிற்கும் சுதையில் அழுக்காகவே தெரியும். சுதைக்கு நிழலைச் சூரியன் தரும், ஒரே நிறத்தை நிரவலாகப் பூசினால் போதும்.

இராவணனைப் பற்றிச் சொல்லாமல் திருகோணமலையிலிருந்து இப்படி ஒரு கடிதம் எழுதமுடியாது. கோணேசர் கோயில் இருக்கும் சுவாமி மலையில் அவன் வெட்டியதாகச் சொல்லும் பாறைப் பிளவான இராவணன் வெட்டையும், கன்னியாவில் அவன் உண்டாக்கியதாகச் சொல்லும் ஏழு வெந்நீர்க் கிணற்றையும் வைத்துக்கொண்டு அவனை வெறும் அரக்கனாக இந்த ஊர் பார்த்ததில்லை. கோணமாமலையைப் பாடிய சம்பந்தர் தமது பதிகங்களில் பெரும்பாலும் எட்டாம் பாட்டை அவனுக்கே வைத்தார், அங்கே அவன் கயிலையின் கீழ் நசுக்கப்பட்டதோடு அருள்பெற்றதையும் சேர்த்துச் சொல்கிறார். கயிலையை எடுக்கும் காட்சியில் மூன்று முகம் மூன்று பாவம்: கீழே இராவணனுக்கு முயற்சியின் இறுக்கம், மேலே அம்பாளுக்கு அச்சம், அவள் சுவாமியின் பக்கம் சாய்ந்து பற்றியிருப்பாள், நடுவில் சுவாமிக்கு எந்த அசைவும் இல்லை, கால்விரல் மட்டும் அழுத்துகிறது. எல்லோராக் கயிலாசநாதர் கோயிலில் பாறையில் இதை அப்படியே காணலாம். திருவிழாவில் சுவாமி எழுந்தருளும் கைலாச வாகனத்திலோ கதை அடுத்த கட்டத்துக்கு வந்துவிட்டது. தன் தலையையும் கையையும் நரம்பையும் வீணையாக்கிப் பாடுகிறவன் அவன். அங்கே நடுமுகத்துக்குக் கோபப் புருவம் போடுவது கதையையே தலைகீழாக்குவது. கண் பாதி மூடி, வாய் பாட்டுக்குத் திறந்திருக்கவேண்டும். தலைகளைச் செய்யத் தொடங்குமுன் எண்ணிக்கொள்ளுங்கள். நடுவில் ஒன்று, இருபுறமும் நான்கு நான்கு வைத்தால் ஒன்பதே வரும். பத்தாவதை நடுத்தலையின் மேலே ஏற்றவேண்டும், இல்லாவிட்டால் ஒருபக்கம் ஐந்தாகிக் கனம் சாய்ந்து கழுத்தடி வெடிக்கும்.

உப்பைப் பற்றிச் சுருக்கமாக. கடற்காற்றில் கம்பி துருப்பிடித்து வீங்குவதால்தான் விரல்கள் முதலில் உடைகின்றன. விரலுக்கும் ஆயுதத்துக்கும் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியோ நாக (துத்தநாக) முலாம் பூசிய கம்பியோ போடுங்கள், மணல் ஆற்று மணலாக இருக்கட்டும். உடைந்த இடத்தைச் சீமெந்தால் கட்டினால் 28 நாள் விடவேண்டும். அதற்குள் எனாமல் அடித்தால் அதிலுள்ள எண்ணெயும் சீமெந்தின் காரமும் சேர்ந்து சவர்க்காரமாகிப் பூச்சு வழுவழுத்து உரியும். பூசுமுன் இரண்டு மூன்று தரம் நல்ல தண்ணீரால் கழுவுங்கள். காய்ந்தபின் வெள்ளை பூத்தால் உப்பு இன்னும் இருக்கிறது, மறுபடி கழுவவேண்டும். சுதைக்கு வெளிப்புற எமல்சன் எனாமலைவிட நல்லது, உள்ளிருக்கும் ஈரம் வெளியேற வழிவிடும். கச்சான் என்ற வறண்ட மேல்காற்று வீசும் மாதங்களில் காலை பத்து மணியோடு நிறுத்திவிடுவது நல்லது, அதற்குமேல் பூச்சு பரவுமுன் உலர்ந்து தூரிகைக் கோடு நிற்கும், புழுதியும் ஒட்டும்.

சபையாரிடம் நாங்கள் கேட்பது: ஒப்பந்தம் எழுதும்போது ஒவ்வொரு உருவத்துக்கும் எண் போட்டு, பெயர், கைகளில் உள்ளவை, மேனி நிறம், முகபாவம் என்று ஒரு பட்டியலைக் குருக்களும் ஸ்தபதியும் தியான சுலோகத்தைப் பார்த்து எழுதித் தரட்டும். ஒரு உருவத்தை முழுதாக முடித்துக் காட்டியபிறகே மற்றவற்றுக்குக் கை வைக்கட்டும். கண் எல்லாவற்றுக்கும் கடைசியில், கூலியாள் மாறாமல் ஒருவரே எழுதட்டும். முடிந்ததும் எடுக்கும் படங்களையும் பெயின்ற் பேணியின் எண்ணையும் அந்தப் பட்டியலோடு சேர்த்துக் கோயில் பெட்டகத்தில் வையுங்கள், பன்னிரண்டு வருடம் கழித்துச் சாரம் ஏறுகிறவருக்கு அது வேண்டும்.

இங்ஙனம்,
சுதை, வர்ண வேலை அறிந்த சிலர்,
திருகோணமலை.