மாத்திரைக்காக மலை இறங்குகிறோம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அக்டோபர் 10, உலக மனநல நாளையொட்டி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மனநோயை வெளியே சொல்ல வெட்கப்படுவதால்தான் பலர் சிகிச்சைக்கு வருவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். உண்மைதான். வெட்கத்தை விட்ட பிறகு என்ன ஆகிறது என்பதையும் எழுத வேண்டும் என்றுதான் இந்தக் கடிதம். நான் ஏற்காட்டில், நாகலூர்ப் பக்கம், காப்பித் தோட்டத்தில் கூலி வேலை செய்கிறேன்.

என் தம்பிக்கு இருபத்திரண்டு வயதில் ஆரம்பித்தது. யாரோ தன்னைத் திட்டுவதாகச் சொல்வான். திரும்பிப் பார்த்தால் ஆள் இருக்காது. காத்துக் கருப்பு என்றார்கள். கோடாங்கியிடம் போனோம், தாயத்துக் கட்டினோம், கிடா வெட்டினோம். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நான் சொன்னபோது அம்மா அழுதார். 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்று ஊர் பேசுமே, அப்புறம் யார் பெண் கொடுப்பார்கள் என்றார். மூன்று வருடம் இப்படியே போனது. அதற்கு நாங்கள்தான் பொறுப்பு, வேறு யாரையும் சொல்ல மாட்டேன்.

ஒருவழியாகச் சேலத்துக்குக் கூட்டிப்போனோம். டாக்டர் பொறுமையாகக் கேட்டார். மாத்திரை சாப்பிட்டு இரண்டு மாதத்தில் அந்தக் குரல்கள் அடங்கின; தம்பி கவாத்து வேலைக்கே வர ஆரம்பித்தான். அன்றைக்கு அம்மா முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

ஆனால் மாத்திரை மாதாமாதம் வேண்டும். முதல் பஸ்ஸுக்காக இருட்டில் நடக்கிறோம். 20 கொண்டை ஊசி வளைவு இறங்குவதற்குள் அவனுக்கு வாந்தி வந்துவிடும். சீட்டுக்கு ஒரு வரிசை, டாக்டருக்கு ஒரு வரிசை, மாத்திரைக்கு ஒரு வரிசை. தனியாக அனுப்ப முடியாது என்பதால் இரண்டு பேர் கூலி போகிறது. பழம் பறிக்கும் காலத்தில் மேஸ்திரியிடம் லீவு கேட்கவே பயம். சில தடவை 'ஸ்டாக் இல்லை, வெளியே வாங்கிக்கோங்க' என்று சீட்டு மட்டும் கையில் வரும். இதையெல்லாம் பார்த்து ஒருவர் ஒரு மாதம் தள்ளிப்போட்டால், தயவுசெய்து அதை அலட்சியம் என்று எழுதாதீர்கள்.

2024 டிசம்பர் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து பஸ் நின்றது. எங்களிடம் மாத்திரை தீர்ந்திருந்தது. தம்பி தூக்கத்தை விட்டான், பிறகு சாப்பாட்டை விட்டான். ஒரு ராத்திரி காட்டுக்குள் போய்விட்டான், விடிந்துதான் கண்டுபிடித்தோம். பழைய நிலைக்கு வர நாலு மாதம் ஆனது.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தைப் பற்றி எங்கள் பள்ளி ஆசிரியர் ஒருவர் சொன்னார். மனநோய் உள்ளவரைச் சிகிச்சைக்காக நெடுந்தூரம் அலையவிடக் கூடாது, வீட்டுக்கு அருகிலேயே வசதி இருக்க வேண்டும் என்று 18ஆம் பிரிவு சொல்கிறதாம். 2015-16 தேசிய மனநல ஆய்வில், நோய்க்குத் தகுந்தபடி, நோய் உள்ளவர்களில் நூற்றுக்கு 70 முதல் 92 பேர் வரை சிகிச்சை இல்லாமல் இருப்பது தெரியவந்ததாகவும் சொன்னார். அத்தனை பேருமா வெட்கப்பட்டு வீட்டில் இருக்கிறார்கள்?

14416 என்ற டெலி மானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில், தமிழில் பேசுகிறார்கள். நான் பேசியிருக்கிறேன், அன்று ஆறுதலாக இருந்தது. ஆனால் சிக்னலுக்கு மேட்டுக்கு ஏற வேண்டும், மாத்திரையும் போனில் வராது.

அம்மாவுக்கு ரத்த அழுத்தம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அவருடைய மாத்திரை வீட்டுக்கே வருகிறது, அதற்கு நன்றி. அதைக் கொண்டுவரும் அக்காவிடம் தம்பி மாத்திரையும் சேர்ந்து வருமா என்று கேட்டேன். "இந்தப் பையில் அது இல்லையேம்மா" என்றார். அந்தப் பையில் அதையும் வைக்க வேண்டும். மாதம் ஒருநாளாவது ஒரு மனநல மருத்துவர் மலைக்கு வந்து பார்க்க வேண்டும். மழைக்காலத்துக்கு முன்பு இரண்டு மாத மாத்திரையைச் சேர்த்துத் தர வேண்டும். அதிகாரிகள் கண்ணில் படும்படி இதை வெளியிடுங்கள்.

தம்பி உங்கள் இதழைப் படிப்பான். அதனால் என் பெயர் வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஏற்காடு வட்டம், சேலம் மாவட்டம்