மேலிருந்து எடுக்கும் படங்களுக்கு ஒரு பெட்டி

அன்பு மகளுக்கு,

வாங்கப்போவதாக நீ அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன், பாப்பா. பிளாஸ்டிக் யூகலிப்டஸ் கிளை, பளிங்கு மாதிரி அச்சடித்த தாள், தங்க நிறக் கத்தரிக்கோல், காய்ந்த ரோஜா இதழ்கள். இவற்றில் ஒன்றையும் இப்போது வாங்க வேண்டாம். வீட்டிலிருந்தே மசாலாப் பொடியும் கருப்பட்டியும் விற்கும் பெண்களுக்காக, அவர்கள் சரக்கைப் பரப்பிவைத்து மேலிருந்து நீ படம் எடுக்கிறாய். சாம்பார்ப் பொடிக்கும் யூகலிப்டஸ் கிளைக்கும் என்ன உறவு? பொருளோடு சம்பந்தமில்லாத ஒன்று படத்துக்குள் வந்தால் பார்ப்பவர் கண் அதில்தான் முதலில் போய் நிற்கும். அழகுச் சாமான்கள் கடைசியில் வரட்டும். வெளிச்சத்தை அடக்குகிறவை, பொருளை அசையாமல் பிடிக்கிறவை, சுத்தம் செய்கிறவை, இந்த மூன்றும் முதலில் பெட்டிக்குள் போக வேண்டும்.

அதற்கும் முன்னால் கேமராவை எங்கே மாட்டுவது என்று பார். உன் கேமராவில் படம் பதியும் சென்சார் சிறியது. பொருளுக்கு அடியில் விரிக்கும் 36 அங்குல நீள அட்டை முழுவதும் சட்டத்துக்குள் வர வேண்டுமென்றால், 50 மி.மீ. லென்ஸுக்கு ஏறக்குறைய ஆறரை அடி உயரம் வேண்டும். 35 மி.மீ. லென்ஸுக்கு நாலரை அடி போதும். அதனால் மேசையை மறந்துவிடு, தரையிலேயே பரப்பு. நாற்காலி மேல் ஏறி நின்று எடுக்கிறேன் என்று போனில் சொன்னாயே, அன்றிலிருந்து எனக்கு அதே கவலைதான். படுக்கைவாட்டில் நீளும் கை உள்ள டிரைபாட் வாங்கிக்கொள். அந்தக் கையின் மறுமுனையில் இரண்டு மூன்று கிலோ மணல் பையைக் கட்டாயம் தொங்கவிடு. இல்லையென்றால் கேமராவின் பாரம் டிரைபாட்டையே கவிழ்த்துவிடும். கொத்தனார்கள் வைத்திருக்கும் சின்ன ரசமட்டம் ஒன்றைத் தரையில் வைத்துப் பார், அதையே கேமராவின் முதுகிலும் வைத்துப் பார். இரண்டிலும் குமிழி நடுவில் நின்றால்தான் சதுர டப்பா சதுரமாகத் தெரியும். எல்லாம் ஏறத்தாழ ஒரே தளத்தில் இருப்பதால் லென்ஸின் துளை அளவு எஃப் 8 போதும். போனில் எடுத்தால் சாதாரண லென்ஸில் கிட்டப் போகாதே, ஓரத்தில் இருக்கும் பாட்டில்கள் வெளிப்பக்கம் சாய்ந்தது போலத் தெரியும். விலகி நின்று இரண்டு மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் எடு.

வெளிச்சத்துக்கு உன் வடக்கு சன்னலே போதும். ஆனால் சென்னை 13 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சிச் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும், அந்த மாதங்களில் வடக்கு சன்னலிலும் நேர் வெயில் எட்டிப்பார்க்கும். அதற்காகத்தான் டிரேசிங் பேப்பர். சன்னல் சட்டத்தில் மாஸ்கிங் டேப்பால் ஒட்டிவிட்டால் நிழலின் ஓரம் மென்மையாகிவிடும். எதிர்ப்பக்கத்தில் வெள்ளைத் தெர்மாகோல் பலகையை நிறுத்து. பித்தளையோ மூடி மினுங்கும் டப்பாவோ இருந்தால் அந்தத் தெர்மாகோலை எடுத்துவிட்டுக் கறுப்பு அட்டையை வை. உலோகம் எதிரே இருப்பதைத்தான் காட்டும், கறுப்பு அட்டை இருந்தால் உலோகத்தின் விளிம்பு தெளிந்துவரும். அறையின் டியூப் லைட்டை அணைத்துவிடு, இரண்டு நிற வெளிச்சம் கலந்தால் எந்த மென்பொருளாலும் ஒழுங்காகப் பிரிக்க முடியாது. மின்விசிறியையும் நிறுத்து, மிளகாய்ப் பொடி பறக்கும்.

சாம்பல் அட்டை ஒன்று வாங்கு என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. சிவகாசியில் காலண்டருக்கும் லேபிளுக்கும் டிரான்ஸ்பரன்சி பிலிமில் படம் எடுத்த காலத்திலிருந்தே நிறம் என்பது எனக்கு நாணயம் சம்பந்தப்பட்ட விஷயம். உன் படத்தில் செக்கச்செவேல் என்று இருக்கும் மிளகாய்ப் பொடி, வாங்குபவர் வீட்டில் பழுப்பாகப் பிரிந்தால் பழி உன்னைச் சேராது, அதை இடித்துச் சலித்து விற்கும் பெண்ணைச் சேரும். முதல் படத்தில் அட்டையைப் பொருளின் பக்கத்தில் வைத்து எடுத்துக்கொள், அதை வைத்து மற்ற படங்களின் நிறத்தைச் சரிசெய்.

பிடிப்புச் சாமான்கள் மலிவானவை, நாள் முழுவதும் கை அவற்றைத்தான் தேடும். உருளும் பாட்டிலுக்கு அடியில் பிள்ளைகள் விளையாடும் களிமண் ஒரு துளி. ஒரு பொட்டலத்தை மட்டும் சற்று உயர்த்தத் தீப்பெட்டி, மடித்த அட்டை. டபுள் சைட் டேப், பைண்டர் கிளிப், கிராம்பையும் சீரகத்தையும் ஒவ்வொன்றாக நகர்த்தச் சாமணம். ஆழமான கிண்ணத்தில் பொடியைக் கொட்டி மேலிருந்து எடுத்தால் இருண்ட குழி போலத் தெரியும். உள்ளே சின்னக் கிண்ணம் ஒன்றைக் கவிழ்த்து வைத்து அதன்மேல் பொடியை நிரப்பு. கொஞ்சம் பொடியிலேயே விளிம்புவரை நிறைந்து நிற்கும்.

சுத்தத்துக்கு மென்மையான பெயின்ட் பிரஷ், ரப்பர் ஊதி, காது துடைக்கும் பஞ்சுக் குச்சி, கண்ணாடி துடைக்கும் துணி, பருத்திக் கையுறை. துணி விரிப்பதானால் இஸ்திரிப் பெட்டியும் பக்கத்தில் இருக்கட்டும். மேலிருந்து பார்க்கும் கேமராவுக்கு ஒவ்வொரு மடிப்பும் கோடாகத் தெரியும்.

தரைக்கு 23×36 அங்குல அட்டைகளை இங்கேயே வாங்கிவிட்டேன். சாம்பல், மங்கிய நீலம், காவி. மூன்றுக்கும் மேட் லேமினேஷன் போட்டிருக்கிறது, எண்ணெய் சிந்தினாலும் துடைத்துவிடலாம். பளபள லேமினேஷன் பக்கமே போகாதே, சன்னல் முழுவதும் அதில் தெரியும். கடப்பாக் கல் துண்டு கிடைத்தால் மெருகேற்றாத பக்கத்தைப் பயன்படுத்து. கோரைப்பாய், சாக்கு இரண்டும் கருப்பட்டிக்குப் பொருந்தும்.

இனி அழகுச் சாமான்கள். அம்மாவின் பழைய அஞ்சறைப் பெட்டி, ஒரு கல்சட்டி, பனையோலைப் பெட்டி, சின்னப் பித்தளைக் கரண்டி. கரண்டியைப் புளி போட்டுத் தேய்க்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லித் தடுத்துவிட்டேன். அந்த மங்கல்தான் படத்துக்கு வேண்டும்.

பொருட்களை வரிசையாக, செங்கோணத்தில் அடுக்கும் பாணி உனக்குப் பிடிக்கும் என்று தெரியும். அதற்கு ஆங்கிலத்தில் நோலிங் என்று பெயர். 1987-இல் கட்டடக்கலைஞர் பிராங்க் கெரியின் நாற்காலிப் பட்டறையில் துப்புரவு வேலை பார்த்த ஆண்ட்ரூ குரோமெலோ, சிதறிக் கிடந்த கருவிகளை அப்படி அடுக்கிவைத்தார். கெரி அப்போது நோல் நிறுவனத்துக்கு நாற்காலி வடிவமைத்துக்கொண்டிருந்தார், பெயர் அதிலிருந்து வந்தது. பட்டறையைப் பெருக்கித் துடைத்த ஒருவர் கண்டுபிடித்த ஒழுங்கு அது என்பதில் எனக்குத் தனி மரியாதை. சாம்பார்ப் பொடியில் போடும் மல்லி, வற்றல், பருப்பு எல்லாவற்றையும் ஒரு தடவை அப்படி அடுக்கி எடுத்துப் பார். மூலைமட்டமும் ஒரு கண்டு நூலும் பெட்டியில் வைத்திருக்கிறேன்.

பார்சல் நாளை பஸ்ஸில் ஏறும். கல்சட்டியை வைக்கோலில் சுற்றியிருக்கிறேன், அவசரப்பட்டு இழுக்காதே. டிரைபாட்டுக்கான பணத்தை உன் கணக்கில் போட்டுவிட்டேன். சன்னலின் நீள அகலத்தை அளந்து எழுது, அதற்கேற்ற அகலத்தில் டிரேசிங் பேப்பர் சுருளை இங்கே வெட்டி வாங்கி அனுப்புகிறேன்.

அன்புடன்,
அப்பா
சிவகாசி